மருட்கையும் போதையும்

தோற்றுவாய்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்றது காஞ்சிபுரம். அந்நகரின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் குடும்பமொன்றிலிருந்து நம் கல்லூரிக்குப் பயில வந்த மாணவர் ஒருவர், சில திங்களுக்கு முன் வகுப்பு முடிந்தபின் நம்மிடம் வந்தார். தம் கைபேசியில் ஓர் இசைக் காணொளியைக் காட்டினார். பாடுவோரின் முகம் மலராய் விரிந்தது, மலர் சுழலாயிற்று, சுழலுக்குள் எண்ணற்ற கண்கள் திறந்தன, சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தள்ளி நடுங்கின. "ஐயா, இதைப்போல் நானும் வரைய விரும்புகிறேன். ஆனால் இப்படி வரைகிறவர்கள் எதையாவது உட்கொண்டுதான் வரைவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மெய்தானா?" என வினவினார்.

போதை விலக்கப்பட்டது, அதைப்பற்றிய பேச்சே வேண்டா எனக் கூறி அவரை அனுப்பிவிட்டோம். கூறியது உண்மையே. ஆயினும் அவர் கேட்டது வேறு. இவ்வழகு எங்கிருந்து பிறக்கிறது என்பதே அவர்தம் வினா. அதற்கு நாம் விடை கூறவில்லை. அதன்பின் அவர் நம்மிடம் பேச வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அதே வாரத்தில் ஜமாஅத் பெரியவர் ஒருவர், இத்தகைய காட்சிகளைப் பிள்ளைகள் பார்ப்பதே கேடு என நம்மிடம் வருந்தினார். எண்ணிப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாயிற்று. போதையைப் புகழும் நண்பர்களும், காட்சியையே வெறுக்கும் பெரியவரும் ஒரே கருத்தினராய் இருந்தனர். கண்ணை மயக்கும் கலை, மயங்கிய மனத்திலிருந்தே பிறக்கும் என இரு சாராரும் நம்பினர். அந்நம்பிக்கை பிழையானது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வரலாறும்

இவ்வகைக் கலையைச் 'சைக்கடெலிக்' கலை என மேலைநாட்டார் வழங்குவர். உள்ளம் எனவும் வெளிப்படுதல் எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர் ஆக்கிய சொல் இது. 1957இல் அறிஞர் வழக்கிற்கு வந்தது. அவர் இச்சொல்லால் குறித்தது ஓவியத்தை அன்று. மனநிலையை மாற்றும் மருந்துப் பொருள்களையே குறித்தார். அவற்றுள் தலையாயது எல்.எஸ்.டி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்னும் வேதியியலார் 1938இல் அதனை உருவாக்கினார். அது மனத்தைத் திரிக்கும் தன்மையை 1943இல் அறிந்தார்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் இப்பெயர் கலைக்கும் உரியதாயிற்று. இசை நிகழ்ச்சிகளுக்கான சுவரொட்டிகளில் எழுத்துகள் தீநாக்குப்போல் நெளிந்தன. கண்ணாடித் தட்டில் எண்ணெயும் வண்ண நீரும் ஊற்றி, அடியிலிருந்து ஒளி பாய்ச்சி, அவை ஒன்றோடொன்று கலவாது நெளிவதைப் பெருந்திரையில் வீழ்த்தினர். இசைக்கேற்ப அத்தட்டை அசைத்தனர். இன்றைய இசைக் காணொளிகளில் காணும் குழம்பும் வண்ணங்களுக்கு இவை முன்னோடிகளாம்.

அக்காலக் கலைஞர் பலர் போதைப்பொருள் உட்கொண்டனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் காகிதத்தில் வண்ணம் நடுங்கியது எதனால் என்பதே ஆராயத்தக்கது. அச்சுவரொட்டிக் கலைஞருள் புகழ்பெற்றவர் விக்டர் மொஸ்கோசோ. இவர் யேல் பல்கலைக்கழகத்தில், வண்ணங்களின் இயல்பை வாழ்நாளெல்லாம் ஆய்ந்த ஜோசப் ஆல்பர்ஸ் என்பாரிடம் பயின்றவர். எவ்விரு வண்ணங்களை அருகருகே வைத்தால் கண் நிலைகொள்ளாது தவிக்கும் என்பது அவர் வகுப்பறையில் கற்ற பாடம். அக்கல்வியே சுவரொட்டிகளில் வெளிப்பட்டது.

மறுபுறத்தையும் காண்போம். பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கில இசைக்குழுவின் முதன்மைப் பாடலாசிரியராய் விளங்கியவர் சிட் பாரட். மனநலம் குலைந்து 1968இல் அக்குழுவினின்று நீங்கினார். எல்.எஸ்.டி. பழக்கம் அதற்கொரு காரணம் எனப் பலரும் கருதுவர். சில ஆண்டுகளில் இசையுலகினின்றே விலகிய அவர், 2006இல் மறையும் வரை அதற்குத் திரும்பவில்லை. அவரில்லாமலே அக்குழு பல்லாண்டுகள் இசைத்தது. போதை கலையைத் தந்ததா, கலைஞனைக் கொண்டு சென்றதா என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

தொல்காப்பியர் காட்டும் வழி

இக்கலை நம் மரபுக்கு முற்றிலும் புதிதோ எனின், அன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் மருட்கை ஒன்று. மருட்கையாவது வியப்பு. அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார். முன் காணாத புதுமை, அளவிறந்த பெருமை, நுண்ணிய சிறுமை, ஒன்று மற்றொன்றாய்த் திரியும் ஆக்கம் என்பன அவை. மாணவர் காட்டிய காணொளியை இந்நான்கிலும் அடக்கிவிடலாம்.

புதுமைக்குத் தமிழ்த் திரையிலேயே சான்றுண்டு. 1994இல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'முக்காலா முக்காபுலா' பாடலில், தலையும் கையும் காலும் மறைய, உடைகள் மட்டும் ஆடின. ஏ.ஆர்.ரகுமான் இசையில் பிரபுதேவா ஆடிய அக்காட்சி, வெள்ளிக்கிழமை தோறும் 'ஒளியும் ஒலியும்' பார்த்திருந்த வீடுகளை வியப்பில் ஆழ்த்தியது. அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

பெருமைக்கும் சிறுமைக்கும் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1977இல் வெளியிட்ட குறும்படம் சான்றாகும். சிகாகோ பூங்காவில் படுத்திருக்கும் ஒருவரிடம் தொடங்கி, பத்து நொடிக்குப் பத்து மடங்காய் விலகி, அண்டவெளியின் எல்லைவரை செல்கிறது காட்சி. பின்னர் மீண்டு, அவர் கையின் தோலுக்குள் புகுந்து அணுவின் உட்கரு வரை இறங்குகிறது. இத்தம்பதியர் 1958இல் நம் அரசுக்கு அளித்த அறிக்கையே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்ற வித்திட்டது என்பது நினைவுகூரத்தக்கது.

ஆக்கத்திற்கு 1991இல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் 'பிளாக் ஆர் ஒயிட்' காணொளியைக் கூறலாம். அதில் ஒருவர் முகம் மற்றொருவர் முகமாய் உருகி மாறும். ஆயின் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் கோயிலிலும் இவ்வித்தை உண்டு. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்து நிற்கும் சிற்பம் அது. ஒருபுறம் மறைத்தால் யானை. மறுபுறம் மறைத்தால் காளை. கல் அசையவில்லை, காண்பவர் கருத்தே அசைகிறது.

மருட்கையில் அறிவு நிரம்பாது நிற்கும் என்பதும் தொல்காப்பியர் குறிப்பு. இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நிரம்பாத அறிவு நிரம்ப விழையும், 'இஃது எவ்வாறு?' என வினவும். போதையோ நிரம்பிவிட்டதாகப் பொய் கூறி, வினாவையே அவித்துவிடும். மருட்கைக்கும் போதைக்கும் உள்ள எல்லை இதுவே எனலாம்.

பட்டில் விளையும் விந்தை

காஞ்சிப் பட்டை அறிந்தார்க்கு வண்ணம் நடுங்குவது புதிதன்று. மயில்கழுத்து நிறச் சேலையைக் காண்போம். நீலப் பாவில் பச்சை ஊடையைக் கோத்து நெய்வர். நேரே நோக்கின் ஒரு நிறம். சாய்த்து நோக்கின் வேறொரு நிறம். பாவும் ஊடையும் வெவ்வேறு திசையில் ஓடுவதால், ஒளி படும் கோணத்திற்கேற்ப ஒன்றன் பளபளப்பு மற்றொன்றை மேலிடுகிறது. உடுத்தவர் நடக்கையில் சேலை நிறம் மாறிக்கொண்டே செல்லும்.

அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை ஏன் அத்துணை எடுப்பாய்த் தோன்றுகிறது? இதற்கு விடை கண்டவரும் நெசவோடு தொடர்புடையவரே. பாரிசின் கோபலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குத் தலைவராயிருந்தவர் செவ்ரோல் என்னும் வேதியியலார். கறுப்புச் சாயம் வெளிறித் தோன்றுவதாகக் குறை எழுந்தது. அவர் ஆய்ந்தபோது சாயத்தில் குற்றமில்லை. அருகிலிருந்த நூலின் நிறமே கறுப்பை மங்கச் செய்தது எனத் தெளிந்தார். ஒரு வண்ணம் தன் அண்டை வண்ணத்தால் மாறித் தோன்றும் என்னும் இவ்விதியை 1839இல் நூலாக வெளியிட்டார். சிவப்பும் பச்சையும்போல் எதிரெதிரான வண்ணங்கள் அடுத்தடுத்து நின்றால், ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஒளியளவும் ஒத்திருந்தால் அவற்றின் எல்லைக்கோடு நடுங்குவதுபோல் தோன்றும்.

இரு மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் இட்டு நகர்த்தினால், இரண்டிலும் இல்லாத அலைகள் தோன்றும். இதனை 'மொய்ரே' என்பர். இச்சொல்லே அலைபோன்ற மினுமினுப்புடைய பட்டுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கிய பெயராகும். அதன் வேரைத் தேடிச் சென்றால், ஆட்டுமயிர்த் துணியைக் குறித்த 'முகய்யர்' என்னும் அரபுச் சொல்லில் சென்று முடியும். தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். அரபு நாட்டுத் துணிப் பெயர் ஐரோப்பியப் பட்டுக்குப் பெயராகி, இன்று திரையில் நெளியும் அலைக்கும் பெயராயிற்று.

இங்கிலாந்தின் பிரிட்ஜெட் ரைலி 1960களில் கறுப்பும் வெள்ளையுமான நெளிகோடுகளை மட்டும் வரைந்து, பார்ப்பவர் கண்முன் அவை அலைமோதச் செய்தார். நம் கண் ஒருபொழுதும் அசையாது நிற்பதில்லை. நாம் அறியாமலே நொடிதோறும் நுண்மையாய் அசைகிறது. நெருங்கிய கோடுகளைக் காணுங்கால், முன் கண்ட கோட்டின் எச்சம் விழித்திரையில் நீங்குமுன் அடுத்த கோடு வந்து படிகிறது. அதனாலேயே அசையாக் கோடுகள் அசைவனபோல் தோன்றுகின்றன. நெருக்கமாய்ச் சரிகைக் கோடுகள் ஓடும் 'வைர ஊசி'ச் சேலையை உற்று நோக்கினார்க்கு இவ்வனுபவம் வாய்த்திருக்கும்.

அட்டையும் கணிப்பொறியும்

இன்றைய காணொளிகளின் விந்தைகளைச் செய்வது கணிப்பொறி. அப்பொறியின் முன்னோர் வரிசையில் ஒரு தறி உண்டு என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பெருமையுடன் அறிதல் வேண்டும். பிரான்சின் பட்டு நகரமாகிய லியோனைச் சேர்ந்த ஜக்கார்டு, 1804இல் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கும் கருவியை அமைத்தார். துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும். இல்லாத இடத்தில் தாழ்ந்திருக்கும். ஆம், இல்லை என்னும் இரண்டே சொற்களால் அன்னமும் யாளியும் மாங்காயும் துணியில் பிறந்தன. இவ்வட்டைகளையே சார்ல்ஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பு எந்திரத்திற்குக் கட்டளை தரும் வழியாய்க் கொண்டார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைத் தொகுக்க ஹாலரித் துளையட்டைகளைப் பயன்படுத்தினார். பின்வந்த கணிப்பொறிகளும் பல்லாண்டுகள் துளையட்டைகளையே உண்டு வாழ்ந்தன.

கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டமாய் நிரப்பிச் சேலைப் பூவை வரைவதும், திரையில் ஒவ்வொரு புள்ளியாய் நிறமேற்றுவதும் ஒரே வினையின் இரு வடிவங்கள். 2015இல் கூகுள் நிறுவனத்தார் 'டீப்டிரீம்' என்னும் நிரலை வெளியிட்டனர். மேகத்தைக் காட்டினால் அதில் நாய்முகங்களையும் கண்களையும் வரைந்து தள்ளியது அது. போதையில் கண்ட கனவைப் போன்றதென உலகமே வியந்தது. ஆனால் அவ்வெந்திரம் அருந்தியது மின்சாரம் ஒன்றே. செய்தது கணக்கு ஒன்றே.

நம் நாட்டிலும் இம்முயற்சி முன்பே நிகழ்ந்தது. நடுவண் அரசின் திரைப்படப் பிரிவில் பணியாற்றிய பிரமோத் பதி, 1968இல் 'எக்ஸ்புளோரர்' என்னும் குறும்படத்தில், மின்னலாய் மாறும் காட்சித் துண்டுகளையும் மின்னணு ஒலியையும் பிணைத்தார். 1972இல் ஓவியர் அபித் சுர்தியை வைத்து 'அபித்' என்னும் படத்தை எடுத்தார். உயிருள்ள மனிதரையே பொம்மைபோல் ஒவ்வோர் அசைவாய் நிறுத்தி, ஒவ்வொரு சட்டமாய்ப் படம்பிடித்துச் சேர்த்த படம் அது. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். கால்மணி நேர அசைவுக்கு எத்துணை நிறுத்தங்கள் வேண்டும் எனக் கணக்கிட்டுப் பார்த்தால், தெளிந்த அறிவும் பொறுமையும் இன்றி இக்கலை இல்லை என்பது தெளிவாகும்.

பெரியோர் சிந்தனைக்கு

கண்ணைக் கவரும் விந்தைக் கோலம் நம் சமயத்தார்க்கு ஆகாது எனக் கருதும் பெரியோர்க்கு ஒன்று பணிவுடன் கூறுவோம். திருக்குர்ஆன் போதையை விலக்கியது. சிந்திப்போர்க்குப் படைப்பில் சான்றுகள் உள எனவும் மீண்டும் மீண்டும் நினைவூட்டியது. உருவங்களைத் தவிர்த்த மரபில் வந்த கைவினைஞர், கோட்டையும் வட்டத்தையும் கொண்டே கண் முடிவு காணாத கோலங்களை அமைத்தனர். ஸ்பெயின் நாட்டுக் கிரனடாவின் அல்ஹம்ரா அரண்மனைச் சுவர்கள் இதற்குச் சான்று. டச்சு ஓவியர் எஷர் 1922இலும் 1936இலும் அங்குச் சென்று அக்கோலங்களைப் படியெடுத்தார்; பறவை மீனாகவும் மீன் பறவையாகவும் திரியும் அவருடைய படங்களுக்கு அப்பயணங்கள் ஊற்றாயின. 1960களில் அவற்றை விரும்பிச் சுவரில் ஒட்டிய இளைஞர்கள், தாம் போற்றுவது முஸ்லிம் கைவினைஞரின் கணிதத்தை என்பதை அறிந்திலர்.

ஈரானின் இஸ்பஹானில் 1453இல் எழுந்த தர்பி இமாம் கட்டடத்தின் ஓட்டுக்கோலங்களை, பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் அறிஞர் இருவர் ஆய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டனர். ஒழுங்குடையதாய் இருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வாராத அரிய கோலத்திற்கு அவை மிக நெருங்கியவை என்றனர். மேலைக் கணிதம் அதனை 1970களில்தான் கண்டறிந்தது. போதையை முற்றும் விலக்கிய சமுதாயம், கண்ணை மயக்கும் கோலத்தில் உலகிற்கு முன்னோடியாய் இருந்தது என்பதைவிட இக்கட்டுரைக்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் பெரியோரின் அச்சம் முற்றும் பொருளற்றதன்று. 1997 டிசம்பர் 16 அன்று சப்பானில், ஒரு கேலிப்படத் தொடரில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறிமாறி மின்ன, பார்த்திருந்த சிறுவர் ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலர்க்கு வலிப்பை உண்டாக்கும். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னலாகாது என்பது இன்று பல நாடுகளில் ஒளிபரப்புக்கு வகுத்துள்ள வரம்பு. காணொளி ஆக்க விரும்பும் மாணவர்கள் இவ்வரம்பை மறத்தல் ஆகாது. இருட்டறையில் திரையை நெருங்கி நெடுநேரம் பார்த்தலையும் தவிர்த்தல் நன்று.

நிறைவுரை

அண்மையில் அம்மாணவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தந்தையார் தறிக்குழியில் அமர்ந்து, உடலுக்கொரு நிறமும் இரு கரைக்கு வேறொரு நிறமுமாய் மூன்று நாடா கொண்டு கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார். கரையும் உடலும் கவ்வும் இடத்தை ஒவ்வோர் இழைக்கும் கண் கொண்டு காத்தார். நாம் வியந்து நின்றதைக் கண்டு, "கணக்கு விட்டுப்போனா பூ கோணிக்கும் சார். ராத்திரி தூக்கம் கெட்டா நான் தறியிலேயே இறங்க மாட்டேன்" என்றார். மாணவர் வினாவிற்கு நாம் தேடித் திரிந்த விடையை அவர் ஒரு மூச்சில் உரைத்துவிட்டார்.

மாணவரை அழைத்து, அன்று நாம் விடை கூறாது அனுப்பியது பிழை என ஒப்புக்கொண்டோம். அவர் உள்ளே சென்று, தந்தையாரின் பழைய கட்டத்தாள்களையும், அவற்றைப் பார்த்துத் தாம் கணிப்பொறியில் வரையத் தொடங்கியிருக்கும் கோலமொன்றையும் எடுத்து வந்தார். இருதலைப் பறவையொன்று விரிந்து விரிந்து கரையாய் மாறும் கோலம் அது. இன்னும் முற்றுப்பெறவில்லை; ஒரு சிறகு கோணியிருந்தது. தந்தையார் எட்டிப் பார்த்து, எந்த வரிசையில் கட்டம் தவறியது என விரல்வைத்துக் காட்டினார்.

காண்பவர் மருளலாம், செய்பவர் மருளலாகாது. காண்பவரைச் சில நொடி மயக்கும் ஒவ்வொரு கோலத்தின் பின்னும், மயங்காத ஒருவர் விழித்திருந்து எண்ணியிருக்கிறார். மாணவச் செல்வங்கள் அவ்விழிப்பைப் பயில்வாராக; பெரியோர் அவ்விழிப்புக்கு வழிவிடுவாராக. இறைவன் அருள்புரிவானாக.